ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) பக்கத்தில் நிற்பவர்

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 மார்ச் 2025

எங்கள் பள்ளிவாசலுக்கு நோன்பு தொடங்கியதிலிருந்து ஒருவர் தராவீஹ் (நோன்புக்கால இரவுத் தொழுகை) தொழ வருகிறார். முழங்கை வரை பச்சை குத்தியிருக்கிறார், காதில் கடுக்கன், தலையில் தொப்பி கிடையாது. அவர் பக்கத்தில் நின்றால் எனக்குத் தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளவர் இப்படி வருவாரா? அவரிடம் எடுத்துச் சொல்வது என் கடமை இல்லையா?

5 மார்ச், சஹர் (விடியலுக்கு முந்தைய) நேரம்

அவர் தொழுகை செல்லுபடியாகும். பச்சை குத்துவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதுதான். ஆனால் மை இருப்பது தோலுக்கு அடியில். ஒளுவின், அதாவது தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும், தண்ணீர் தோலில் படுவதை அது தடுக்காது. தொப்பி ஒரு விஷயமே இல்லை.

மிச்சம் இருப்பது "ஈமான் உள்ளவர் இப்படி வருவாரா" என்ற வரி. அவர் வந்துவிட்டார். நோன்பு வைத்துக்கொண்டோ வைக்காமலோ, இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு இருபது ரக்அத் (தொழுகைச் சுற்று) நிற்க வந்திருக்கிறார். அதற்கு மேல் அவரைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் என்ன தெரியும்?

நபித்தோழர் உஸாமா இப்னு ஸைத் (ரலி) சம்பவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர்க்களத்தில் ஒருவன் வாளைக் கண்டதும் கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொல்கிறான். உஸாமா அவனைக் கொன்றுவிடுகிறார். விஷயம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வருகிறது. "ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னான்" என்கிறார் உஸாமா. "அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா?" என்று கேட்கிறார்கள் நபி (ஸல்). திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இன்றைக்குத்தான் நான் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா நினைக்கும் அளவுக்குக் கேட்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஈமான் பற்றிய பகுதியிலேயே இது இருக்கிறது.

கழுத்துக்கு நேரே வாள் வந்த நொடியில் சொன்ன கலிமாவையே சந்தேகிக்க நமக்கு உரிமை இல்லை என்றால், தன் காலால் நடந்து பள்ளிக்கு வந்தவரை எதை வைத்துச் சந்தேகிப்பது?

6 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஏதோ நான் இதில் தேறியவன் மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுதக் கூடாது.

2009 என்று நினைக்கிறேன், ஐப்பசி மழைக்காலம். காரைக்குடியை ஒட்டிய ஒரு ஊர்ப் பள்ளிவாசல். இஷாவுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. ஒளு செய்யும் தொட்டிக்கரையில் ஒரு பையன், இருபது இருபத்தொன்று வயதிருக்கும். முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டை, நனைந்த பனியன், கழுத்தில் பச்சை. முகத்தைக் கழுவுகிறான், அப்புறம் காலைக் கழுவுகிறான், பிறகு மறுபடி கையைக் கழுவுகிறான். ஒளு செய்யும் முறை அவனுக்குத் தெரியவில்லை.

நான் சத்தமாகவே கேட்டேன்: "தம்பி, இது குளிக்கிற இடமில்ல. எங்கே வந்திருக்கேன்னு தெரியுதா?"

"துவா கேக்கணும்னு வந்தேன் பாய்" என்றான்.

"ஒளுவே செய்யத் தெரியல, இந்தக் கோலத்துல அல்லாஹ்வோட வீட்டுக்கா வர்றது?"

பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் லேசாகச் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

தொழுகை முடிந்ததும் பாங்கு சொல்லும் மோதினார் என்னிடம் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். "எந்த ஊர்ப் பையன்?" என்றார். தெரியாது என்றேன். "பேரு?" அதுவும் தெரியாது. "கேக்கலியா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒளுத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொடி. அதில் வருகிறவர் போகிறவருக்காக நாலைந்து கைலிகள் எப்போதும் தொங்கும். அன்றைக்கும் தொங்கின. ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்து, "இதக் கட்டிக்கங்க தம்பி, நான் செய்றத பாத்துச் செய்ங்க" என்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

பதினாறு வருடமாகிறது. அவன் எதற்காகத் துவா கேட்க வந்தான் என்பது எனக்கு இன்னும் தெரியாது.

7 மார்ச், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து

குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்தை இன்று உட்கார்ந்து ஓதினேன். 49ஆவது சூரா, மொத்தமே 18 வசனங்கள். 11ஆவது வசனம் ஒருவரையொருவர் கேலி செய்யாதீர்கள் என்கிறது. கேலிக்கு ஆளானவர் கேலி செய்தவரைவிட மேலானவராக இருக்கலாம் என்று அதிலேயே வருகிறது. 12ஆவது, சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்கிறது. 13ஆவது, உங்களில் அல்லாஹ்விடம் கண்ணியம் மிக்கவர் இறையச்சம் மிக்கவரே என்கிறது.

சிறுவயதில் இருந்து ஓதுகிறேன். இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

9 மார்ச்

இரண்டு பேர் ஒரே ஆட்சேபத்தை எழுதியிருக்கிறார்கள். "அப்படியானால் நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது என்ற கடமை என்னவாகும்? எல்லாரையும் எப்படியும் இருக்க விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். மதீனாவில் நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியில் ஒரு கிராமத்து அரபி சிறுநீர் கழித்த சம்பவம் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இருக்கிறது. தோழர்கள் அவரைத் தடுக்கப் பாய்கிறார்கள். நபி (ஸல்) தோழர்களை நிறுத்துகிறார்கள். அவரை முடிக்க விடச் சொல்லி, பிறகு ஒரு வாளி தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் சொல்கிறார்கள். அப்புறம் அவரைக் கூப்பிட்டு, இந்த இடங்கள் தொழுவதற்கும் அல்லாஹ்வை நினைப்பதற்கும் உரியவை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இடத்தைச் சுத்தம் செய்தார்கள், தவறையும் சொன்னார்கள். "உனக்கு ஈமான் இருக்கிறதா" என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

என் விஷயத்தில் முழங்கால் மறைக்கப்பட வேண்டும் என்பது சரியான மஸ்அலா (மார்க்கச் சட்டம்). நாங்கள் ஹனஃபி சட்டப்பள்ளியைப் பின்பற்றுகிறவர்கள், எங்களுக்கு முழங்காலும் மறைக்க வேண்டிய பகுதியில் சேர்த்தி. ஆனால் நான் அன்று மஸ்அலா சொல்லவில்லை. அவன் யார் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஒரு திருத்தமும் இருக்கிறது. 5ஆம் தேதி "தொப்பி ஒரு விஷயமே இல்லை" என்று எழுதிவிட்டேன். அவசரத்தில் எழுதியது. தொப்பி இல்லாவிட்டாலும் தொழுகை செல்லும். ஆனால் அலட்சியமாகத் தலை திறந்து தொழுவதை ஹனஃபி உலமாக்கள் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்கிறார்கள். தலையை மூடுவது அதபு (மரியாதை). என் நன்னி (பாட்டி) இருந்திருந்தால் அந்த வரிக்காக என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார். அடையாளங்களுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. என் தொப்பி எனக்குப் பிரியமானது. அது என் தலைக்கு, பக்கத்தில் இருப்பவரை அளக்க இல்லை.

12 மார்ச்

என் பிழைப்பைச் சொன்னால் இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் புரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழம்பொருள் கடை. செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது வரும் கதவு, நிலை, தூண், பீரோ, பித்தளைச் சாமான், எனாமல் பாத்திரம் எல்லாம் வாங்கி விற்கிறோம். பார்த்த மாத்திரத்தில் மதிப்புச் சொல்ல வேண்டும். பர்மா தேக்கா, வேறு மரத்துக்கு பாலீஷ் போட்டு வந்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மறைவான மூலையில் லேசாகச் சுரண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனாமல் என்றால் அடியைத் திருப்பினால் போதும். சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா என்று முத்திரை இருக்கும். முப்பது வருடம் இதையே செய்தவனுக்கு, கடைப்படி ஏறும் ஆளையும் அப்படியே பார்க்கும் புத்தி வந்துவிடுகிறது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஜீன்ஸ், சட்டை, குட்டை முடி, முக்காடு இல்லை. ஆத்தங்குடிக்குப் பூக்கல் (பூ வேலைப்பாட்டுத் தரை ஓடு) பார்க்க வந்தவர், அப்படியே கடைத்தெருவுக்கும் வந்திருக்கிறார். வெளியூர்க்காரி, நம் ஆள் இல்லை என்று முடிவு கட்டி, அதற்குத் தக்க விலையும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலைத் தொழுகையான அஸருக்குப் பாங்கு கேட்டது. அவர் பேச்சை நிறுத்தினார். பாங்கு முடியும் வரை உதடு அசைந்துகொண்டிருந்தது. அப்புறம், "பாய், மாடியில கொஞ்சம் இடம் கிடைக்குமா? தொழுதுக்கிறேன்" என்றார். பையில் இருந்து ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது.

எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாடியைக் கூட்டச் சொல்லிப் பாய் விரித்துக் கொடுத்தேன். விலையையும் குறைத்தேன்.

13 மார்ச், இரவு

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"காக்கா, அந்தப் பெண் தொழாமல் போயிருந்தால்? பாங்கு கேட்டபோதும் விலையையே பேசிக்கொண்டு இருந்திருந்தால்? நீங்கள் அவரைப் பற்றி நினைத்தது சரியென்று ஆகியிருக்குமா? இந்த மாதிரிக் கதை எல்லாவற்றிலும் கடைசியில் அவர் தொழுதுவிடுகிறார், அல்லது தர்மம் செய்துவிடுகிறார். பரீட்சையில் பாஸானவருக்குத்தான் மரியாதை. நான் முக்காடு போடாதவள். என் பையில் துப்பட்டியும் இல்லை. என்னைப் பற்றி நல்லெண்ணம் வைக்க நான் உங்களுக்கு என்ன காட்ட வேண்டும்?"

இதற்கு இன்று என்னிடம் பதில் இல்லை.

15 மார்ச்

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

அந்தப் பெண்ணிடம் நான் எண்ணத்தை மாற்றிக்கொண்டது ஒரு அடையாளத்தைப் பார்த்து இன்னொரு அடையாளத்துக்குத் தாவியதுதான். குட்டை முடியைப் பார்த்து ஒன்று நினைத்தேன், துப்பட்டியைப் பார்த்து வேறொன்று நினைத்தேன். அடியைத் திருப்பி முத்திரை தேடுகிற அதே வேலை. முத்திரை கிடைத்ததும் விலையைக்கூட மாற்றினேன்! முதலிலேயே ஏன் நியாய விலை சொல்லவில்லை என்பதும் தனியாக உறுத்துகிறது.

புகாரியில் ஒரு ஹதீஸ். அப்துல்லாஹ் என்று ஒருவர், ஹிமார் என்பது அவருடைய பட்டப்பெயர். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டனையும் வாங்கியவர். மறுபடி ஒரு நாள் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்படுகிறார், தண்டனையும் கொடுக்கப்படுகிறது. கூட்டத்தில் ஒருவர், "இவன் மேல் சாபம் உண்டாகட்டும், எத்தனை தடவைதான் கொண்டுவரப்படுகிறான்" என்கிறார். நபி (ஸல்) சொன்னார்கள்: அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார்.

இந்த ஹதீஸில் அவர் திருந்தியதாக வரவில்லை. ரகசியமாக இரவெல்லாம் தொழுதார் என்றும் வரவில்லை. குடித்தார், தண்டிக்கப்பட்டார், அந்த நேசமும் அவரிடம் இருந்தது. குற்றத்துக்குத் தண்டனை கொடுத்த அதே இடத்தில்தான் அவருடைய உள்ளத்தின் மேல் கை வைக்கத் தடையும் வந்தது. 9ஆம் தேதி ஆட்சேபம் எழுதியவர்களும் இதைப் பார்க்கட்டும்.

சகோதரிக்கு: நீங்கள் எனக்கு எதுவும் காட்ட வேண்டியதில்லை. இதை எழுதவே எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது, மன்னியுங்கள்.

16 மார்ச்

6ஆம் தேதிக் குறிப்பில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்து சொன்ன பொய் இல்லை. "லேசாகச் சிரித்துக்கொண்டே போய்விட்டான்" என்று எழுதியிருந்தேன். நேற்றிரவு படுத்துக்கொண்டு அதை நினைத்துப் பார்த்தேன். அவன் குனிந்து செருப்பைத் தேடினான். வெளிச்சம் பின்னால் இருந்தது. அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. சிரித்தான் என்று நானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சிரித்தான் என்றால் பெரிதாகக் காயப்படவில்லை என்று ஆகும் அல்லவா.

19 மார்ச்

இதன் மறுபக்கமும் இருக்கிறது. அதிலும் நான் மாட்டியிருக்கிறேன்.

தங்கை மகன் சென்னையில் படித்துவிட்டு நெஞ்சு வரை தாடியோடு, கணுக்காலுக்கு மேலே ஏற்றிய பேண்ட்டோடு வந்தான். நான் தங்கையிடம் சொன்னேன்: "படம் காட்டுறான். பாத்துக்க." பஸ் ஸ்டாண்டில் நெற்றியில் ஸுஜூது (தரையில் நெற்றி வைத்து வணங்கும்) தழும்போடு யாரையாவது பார்த்தால்கூட, தரையில் தேய்த்துக்கொண்டாரோ என்று மனது போகும். தாடி இல்லாதவனைப் பார்த்து ஈமான் இல்லை என்பது ஒரு வகை என்றால், தாடி உள்ளவனைப் பார்த்து இக்லாஸ் (உளத்தூய்மை) இல்லை என்பது இன்னொரு வகை. ரியா, அதாவது பிறர் பார்க்கச் செய்வது, உள்ளத்துக்குள் இருக்கும் நோய். இன்னொருவருக்கு அது இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் அவர் நெஞ்சைப் பிளந்துதான் பார்க்க வேண்டும்.

தவ்பா சூராவின் 79ஆவது வசனம் இறங்கிய சந்தர்ப்பத்தைப் பாருங்கள். அபூ மஸ்ஊத் (ரலி) சொல்வதாகப் புகாரியில் வருகிறது. தர்மம் செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது தோழர்கள் சுமை தூக்கிச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். ஒருவர் நிறையக் கொண்டுவந்தார். நயவஞ்சகர்கள், "இவன் காட்டிக்கொள்ளச் செய்கிறான்" என்றார்கள். இன்னொருவர் ஒரு ஸாஉ கொண்டுவந்தார், நம் அளவில் ஏறக்குறைய இரண்டு படி. "இவனுடைய இந்த ஒரு ஸாஉ அல்லாஹ்வுக்குத் தேவையே இல்லை" என்றார்கள். அதிகம் கொடுத்தாலும் பேச்சு, கொஞ்சம் கொடுத்தாலும் பேச்சு.

தங்கை மகன் எப்படிப்பட்டவன் என்று இங்கே ஒரு நல்ல கதை எழுதலாம், கைவசம் இருக்கிறது. எழுதப் போவதில்லை. 13ஆம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு அது சரியாக இருக்காது. "மாமா உன்னைத் தப்பாப் பேசிட்டேன்" என்று அவனிடமே போனில் சொல்லிவிட்டேன். "எப்ப மாமா?" என்றான். அவனுக்குத் தெரியவே தெரியாது.

23 மார்ச்

நோன்புக் கஞ்சி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், எங்கள் பக்கம் தேங்காய்ப்பால் ஊற்றுவோமா என்று. ஊற்றுவோம், கடைசியில், அடுப்பை அணைக்கப் போகும்போது. பாசிப்பருப்பும் வெந்தயமும் சேரும். கறி போடுவது அன்றைய கஞ்சிச் செலவை ஏற்றவரின் வசதியைப் பொறுத்தது.

கஞ்சியைச் சொன்னதும் நன்னி நினைவு வந்துவிட்டது. எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. பள்ளிவாசல் வாசலில் அஸருக்குப் பிறகு கஞ்சி ஊற்றுவார்கள். சட்டி தூக்குவாளியோடு எல்லாரும் வருவார்கள், நம்மவர்களும் வருவார்கள், மற்றவர்களும் வருவார்கள். எங்கள் தெருவில் ஒருவர் நோன்பு வைக்க மாட்டார் என்று ஊருக்கே தெரியும். பகலில் டீக்கடையில் இருப்பார். அவரும் வாளியோடு வந்து நின்றார். நான் நன்னியிடம் ஓடிப்போய், "அவரு நோம்பே இல்ல, அவருக்கு எதுக்குக் கஞ்சி?" என்றேன்.

நன்னி என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "கஞ்சி ஊத்துறவரு கேட்டாராத்தா?" என்றார். இல்லை என்றேன். "பெறகு ஒனக்கு என்ன?"

பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் இன்றைக்கும் வருடம் தவறாமல் டிரைவரிடம் தூக்கைக் கொடுத்து அனுப்புகிறார். சின்ன வயதில் வயிற்று வலிக்கு இந்தக் கஞ்சி குடித்துச் சரியானதாம். இந்த விவாதத்தைப் பற்றி அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "பாய், எங்க ஆளுகள்லயும் அதே கததான். பட்டையா விபூதி பூசினா பக்திமான்ங்கிறாக, பூசாம வந்தா ஏன் வந்தாகங்கிறாக. உள்ள இருக்கிறத பிள்ளையாருல்ல பாக்கணும்" என்றார். அவர்கள் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. ஆனாலும் அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

28 மார்ச், கடைசி ஜும்ஆ

இன்று கூட்டம். வாசல் வரை பாய் விரித்திருந்தார்கள். தாமதமாகப் போனதால் வெளி ஸஃப்பில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார், என்னைவிட இளையவர். அவர் மேல் சிகரெட் வாடை. நோன்பு நாள், நண்பகல்.

மனது உடனே ஓடியது. எழுதுவதெல்லாம் எழுதிவிட்டு, இருபத்து நாலு நாள் கழித்தும் ஓடியது. "பயணியாக இருக்கலாம், நோயாளியாக இருக்கலாம், பக்கத்தில் யாரோ பிடித்த வாடையாக இருக்கலாம்" என்று எனக்கு நானே காரணம் தேட ஆரம்பித்தேன். அப்புறம் அதையும் நிறுத்தினேன். அவருக்கு நான் ஏன் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்?

எங்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது நான் தள்ளி நின்றதால் வந்ததா, முதலிலிருந்தே இருந்ததா என்று தெரியவில்லை. இமாம் ஸஃப்பை நேராக்கச் சொன்னார். நகர்ந்து நின்றேன். தோளோடு தோள் பட்டது.

ஸலாம் கொடுத்ததும் அவர் எழுந்து போய்விட்டார். அவரைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது.

31 மார்ச், பெருநாள்

முதல் கேள்வி கேட்டவர் இன்று காலை எழுதியிருக்கிறார்: "தராவீஹுக்கு வந்தவர் பெருநாள் தொழுகைக்கும் வந்தார். நானே போய் முஸாஃபஹா செய்து (கைகொடுத்து) முபாரக் சொன்னேன். பச்சை பற்றியும் பேசவில்லை, தொப்பி பற்றியும் பேசவில்லை. அவரும் சிரித்தார். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் வந்துவிட்டேன்."

அடுத்த முறை பார்க்கும்போது பேரைக் கேளுங்கள். எந்த ஊர் என்றும் கேளுங்கள். எங்கள் மோதினார் அன்று என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.